சிலிண்டருக்குத் தைத்த தோல் உறை

இன்றைக்கும் யாராவது என் முன்னால் “காத்துதானே” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர் சைக்கிள் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு என்ன தெரியும், பாவம். ஆனாலும் என் முகம் மாறிவிடும். அதை மறைக்க எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் போவதில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கராக இருக்கிறேன். தைத்து முடித்த ஷூவைக் கையில் வாங்கி, தையல் விலகியிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா, இடது வலது இரண்டும் ஒரே நிறமா என்று பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. மாதனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ் என்னை ஆம்பூருக்குக் கொண்டுபோகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதிர்த்திசையில் வேலூருக்குப் போவேன். அங்கே ஊருக்கு வெளியே ஒரு பழைய தோல் கிடங்கைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சாக மாற்றியிருந்தார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய தோல் வாடை கிளம்பும். கல்லூரியில் என்.சி.சி.யில் சுடக் கற்றவள் நான். கல்யாணமாகி, வேலைக்குப் போய், முப்பத்தொரு வயதில் மறுபடியும் அந்தக் கிடங்கில் போய் நின்றேன். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம், கையில் ஒரு காற்றுப் பிஸ்டல். வாரம் முழுக்க அடுத்தவர் செய்த தப்பையே பார்க்கிறவளுக்கு, ஒரு நாளாவது தன் தப்பைத் தானே பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

பிஸ்டல் என்னுடையது இல்லை, ரேஞ்சுடையது. வெளிநாட்டுச் சரக்கு. நம் சம்பளத்தில் வாங்குகிற கதையில்லை. அதை ரேஞ்ச் ஓனர் எனக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். “இந்த வருஷம் ஸ்டேட் மேட்ச்சுல குவாலிஃபை ஸ்கோர் போட்டுடு, பிஸ்டல் உங்கிட்டயே இருக்கட்டும். போடலேன்னா தப்பா நெனச்சிக்காத, புது மெம்பர் ஒருத்தர் கேட்டுகினே இருக்காரு” என்று சொல்லியிருந்தார். அந்தப் பிஸ்டல் போனால் எனக்கு வேறு பிஸ்டல் கிடையாது. எனவே அந்த ஒரு போட்டிதான் எனக்கு எல்லாம்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. இந்தப் பிஸ்டலில் குழலுக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கும். அதற்குள் இருநூறு பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பார்கள். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அதைப்போல நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கொஞ்சம் காற்று வெளியேறி ஈயக்குண்டைத் தள்ளும். என் பிஸ்டலில் ஒரு குண்டுக்கு ஏறக்குறைய ஒரு பார் இறங்கும். எழுபதுக்குக் கீழே போனால் தள்ளும் வேகம் குறைந்து குண்டு தாழ விழும். ஆக, இருநூறில் தொடங்கினால் நூற்றுமுப்பது குண்டு நிம்மதியாகச் சுடலாம். போட்டிக்கு அறுபது குண்டு. அதற்கு முன்னால் கை பழகுவதற்குச் சுடுகிற குண்டு இருபது, இருபத்தைந்து. கணக்கு அவ்வளவுதான், சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

காற்றை அழுத்துகிற இயந்திரம் ரேஞ்சில் கிடையாது. கடலில் முக்குளிப்பவர்கள் கட்டிக்கொள்கிற மாதிரி மூன்று லிட்டர் சிலிண்டர் ஒன்று இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓனர் அதைக் காரில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய் நிரப்பி வருவார். அதன் வாயில் நம் சின்ன சிலிண்டரைத் திருகி வால்வைத் திறந்தால், இரண்டிலும் அழுத்தம் சமமாகும்வரை காற்று இறங்கும், பிறகு நின்றுவிடும். முதல் ஆளுக்கு இருநூறு கிடைக்கும். ஆள் கூடக் கூடப் பெரிய சிலிண்டர் இளைக்கும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வருகிறவருக்கு நூற்றைம்பது கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான். காரில் வருகிறவர்கள் எட்டு மணிக்கே வந்துவிடுவார்கள். பந்திக்கு முந்து என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சமைத்து வைத்துவிட்டு, பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்வேன். ஓனருக்குப் பொறுமையும் கிடையாது. வால்வைச் சட்டென்று திறப்பார். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சுடும், சூட்டில் அழுத்தம் காட்டும் முள் ஏறி நிற்கும். ஒரு டீ குடித்து வருவதற்குள் ஆறி, முள் இருபது பார் இறங்கியிருக்கும். “மெதுவா தொறங்க சார்” என்றால், “காத்துதானேமா, எங்க ஓடிப்போவுது?” என்பார்.

அந்த வாசகத்தை முதன்முதலில் சொன்னது அவர் இல்லை, எங்கள் கம்பெனி ஃபிட்டர் அண்ணன். கம்ப்ரஸர் ரூம் முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் கம்பெனியில் பாதி மெஷின் காற்றில்தான் ஓடுகிறது, ஷூவின் மேல் ஒட்டிய தூசியைக்கூடக் காற்றடித்துத்தான் துடைக்கிறோம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர், “இன்னாமா நீ, காத்துதானே? நம்ம கம்பெனில காத்துக்கு இன்னா பஞ்சம்? சிலிண்டர எடுத்துனு வா, மூக்கு முட்ட நெரப்பித் தர்றேன்” என்றார். எவ்வளவு அழுத்தம் வரும் என்று கேட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எட்டு பார்!” என்றார். எனக்கு இருநூறு வேண்டும் என்றேன். “இருநூறா? அது காத்தாமா, வெடிகுண்டு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மனுஷனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

போட்டிக்கு மூன்று மாதம் முன்பு ஓனர் என்னைக் கூப்பிட்டார். “ஃபில் பண்ணும்போது சிலிண்டர் சுடுது, வேர்த்த கைல வழுக்குது. நீ லெதர் கம்பெனிதானே, ரேஞ்சு சிலிண்டர் ஆறுக்கும் அழகா ஒரு கவர் தெச்சுக் குடேன்” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். எப்போதும் கடைசியில் வந்து மிச்சக் காற்றை வாங்கிக்கொண்டு போகிறவளை ஒருவர் மதித்துக் கேட்கிறார். எங்கள் பக்கம் எதற்குத்தான் தோல் உறை போடமாட்டோம்? செல்போனுக்கு, சாவிக்கு, மூக்குக் கண்ணாடிக்கு, வண்டி சீட்டுக்கு. கம்பெனியில் கேட்டு, ஓரத்தில் வெட்டி விழுந்த மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகளை வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்தேன். அளவுக்கென்று ஓனர் தன்னுடைய சொந்த சிலிண்டரைக் கொடுத்திருந்தார். அது பளபளவென்று புதுசு. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றார். ஏற்றுமதிக்குப் போகிற ஷூவுக்குத் தைப்பதுபோல நெருக்கமாகத் தைத்தேன். ஒரு தையல் விலகியதற்காக ஒன்றை முழுவதும் பிரித்து மறுபடி தைத்தேன்.

உறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஓனர் எல்லோருக்கும் காட்டிப் பெருமையாகப் பேசினார். “உங்க சிலிண்டருக்கும் ஒண்ணு தைக்கட்டுமா சார்?” என்று கேட்டேன். “எனக்கெதுக்குமா, எனக்கு இப்டியே பழகிடுச்சு” என்றார். உறை நழுவக்கூடாது என்று சொல்யூஷன் போட்டு அவரே தன் கையால் ஒட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு சிலிண்டரும் பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. போனில் படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன்.

போட்டி சென்னையில். காட்பாடியில் விடியற்காலை ரயிலைப் பிடித்து, அரக்கோணம் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே சுட்டுக்கொண்டிருந்தேன். என் சிலிண்டரில் இருநூறு பார் இருந்தது. இந்த ஒரு தடவை கெஞ்சிக் கூத்தாடி முதல் ஆளாக நிரப்பிக்கொண்டிருந்தேன், அதுவும் மெதுவாக. அந்தச் சீசனில் சுட்ட அளவுக்கு நான் அதற்கு முன் எப்போதும் நன்றாகச் சுட்டதில்லை.

சுடுவதற்கு முன்னால் கருவிகளைச் சோதிப்பார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். விசையின் எடையைப் பார்த்தார், பிஸ்டலின் அளவைப் பார்த்தார். பிறகு சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டேட் எங்க?”

“என்ன டேட் மேடம்?”

“சிலிண்டர் தயாரிச்ச தேதி. பத்து வருஷம்தான் லைஃப். கவரைக் கழட்டுங்க.”

“ஒட்டியிருக்கு மேடம்.”

அவர் ஒரு பிளேடை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் தையலை நானே அறுத்தேன். நல்ல தையல், லேசில் விடவில்லை. தோலை உரித்ததும் கழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி தெரிந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். தயாரித்துப் பத்து வருடம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“இத வச்சு சுட முடியாதுமா. உங்க முகத்துக்கிட்ட வச்சுக்கிட்டு நிரப்புறீங்க, கைக்குள்ள வச்சுக்கிட்டு சுடுறீங்க. தேதி பாக்க மாட்டீங்களா?” என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உறை தைத்தது மூன்று மாதம் முன்பு. தேதி முடிந்தது ஐந்து மாதம் முன்பு. அந்த மேசைக்கு முன்னால் நின்றபடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிலிண்டர் சுடுகிறது, வழுக்குகிறது என்றதெல்லாம் வெறும் சாக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே சோறு வடித்துக் கொடுத்ததே நான்.

ஓனரும் வந்திருந்தார். மூத்தவர்கள் பிரிவில் அன்று காலையிலேயே சுட்டு முடித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் உரித்த சிலிண்டரை அவர் மடியில் வைத்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

அவர் அதைப் பார்க்கவே இல்லை. “கத்தாதமா, எல்லாம் பாக்கறாங்க. டேட்டு போட்டுருப்பான், அதுக்காக வெடிச்சிடுமா? உன் வூட்டு கேஸ் சிலிண்டர்ல கூடதான் டேட்டு போட்டுருக்கு, என்னைக்காவது பாத்துகீறியா? டிஸ்ட்ரிக்ட்ல யாரும் கேக்க மாட்டாங்க. இங்க இந்தம்மா இவ்ளோ பேஜார் பண்ணும்னு எனக்கின்னா தெரியும்?”

“அப்போ தெரியும்.”

“ஆறு சிலிண்டர் புதுசா வாங்கறதுன்னா சும்மாவா? மொதல்ல என்னுத மாட்டிகினு போய் சுடு. டைம் ஆவுது பாரு.”

அவர் சிலிண்டரை வாங்கினேன். வாங்காமல் என்ன செய்ய? அவர் அறுபது குண்டு சுட்டு முடித்த சிலிண்டர் அது. முள் நூற்றிருபத்தைந்தில் நின்றது. காற்று நிரப்பும் இடத்தில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு இருந்தது இருபது நிமிடம். நூற்றிருபத்தைந்தில் எழுபதைக் கழித்தால் ஐம்பத்தைந்து குண்டு. நான் சுட வேண்டியதோ அறுபது.

பழகுவதற்கு மூன்றே குண்டு சுட்டேன். பக்கத்தில் நின்ற பெண் இருபது, முப்பது என்று தாராளமாகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் பிஸ்டலைத் தூக்குவதும் இறக்குவதுமாக, சுடாமல் நின்றேன். பழக்கமான கையென்றாலும் ஒவ்வொரு நாளும் அதற்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று குண்டில் அது எதைக் கற்றுக்கொள்ளும்? முதல் பத்துக் குண்டில் தடுமாறினேன். பிறகு கோபமே என்னை நிறுத்தி வைத்தது. இரண்டாவது பத்திலிருந்து ஐந்தாவது பத்துவரை, என் வாழ்நாளில் நான் சுட்டதிலேயே நல்ல நாற்பது குண்டுகள் அவை. ஐம்பது முடிந்தபோது அந்தக் குவாலிஃபை மதிப்பெண் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஐம்பத்து மூன்றாவது குண்டு தாழ விழுந்தது. என் தப்போ என்று நினைத்தேன். அடுத்ததும் விழுந்தது. நடுவில் விலகிப் போய் நிரப்பிக்கொண்டு வரலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் கடிகாரம் எனக்காக நிற்காது, அங்கே அந்த வரிசையும் என்னை முன்னால் விடாது. கொஞ்சம் மேலே பிடித்துச் சுட்டுப் பார்த்தேன். காற்று எந்த அளவுக்கு இளைக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது. குண்டுக்குப் பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு, எட்டு, ஏழு, ஆறு. அறுபதாவது குண்டு சுட்டுவிட்டுப் பிஸ்டலை மேசையில் வைத்தேன். நான்கு மதிப்பெண் குறைவு.

ரயிலில் ஓனர் மேல் வந்த கோபம் அரக்கோணம்வரை தாங்கியது. அதற்கப்புறம் என் மேல் திரும்பிவிட்டது. உறை போடுவதற்கு முன்னால் இரண்டு வருடம் அந்த சிலிண்டரைக் கையில் வைத்திருந்தேனே. அந்தப் பொடி எழுத்து அங்கேதான் இருந்தது. ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். கம்பெனியில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கே தேதி தப்பாகப் போனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இருநூறு பார் அடைத்ததை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றபோது மட்டும் எனக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது. செக்கராம் செக்கர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதற்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒன்பதரைக்குப் போனேன். கம்பெனியிலிருந்து தோல் வெட்டுகிற கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முன்னால் வந்தவர்கள் தங்கள் முறைக்காக நிரப்பி வைத்திருந்த மிச்சம் ஐந்து சிலிண்டரும் அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து உறையைக் கிழித்துத் தேதியைச் சத்தமாகப் படித்தேன். நான்கு முடிந்துபோனவை. ஐந்தாவதுக்கு இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. சொந்த சிலிண்டரில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஓனர் அன்று வரவில்லை.

எல்லோரும் கொதித்தெழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் உயிரும்தானே? ரேஞ்சில் எனக்கு நெருக்கம் என்றால் ஒரு டீச்சர் அக்காதான். ஒரே டப்பாவில் இட்லி தின்றிருக்கிறோம். அவர் பக்கத்தில் வந்து, சிலிண்டரை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

“இப்ப ஏன்டி இத கெளப்பற? அடுத்த மாசம் எனக்கு மேட்ச் இருக்கு. டிஸ்ட்ரிக்ட்ல யாரும் பாக்க மாட்டாங்க. ரேஞ்ச மூடிட்டா நாம எங்க போறது?”

“வெடிச்சா எங்க போவீங்க அக்கா?”

“இவ்ளோ நாள் வெடிக்கலையே.”

தேதி முடிந்த நான்கையும் எடுத்து, காற்றைத் திறந்துவிடும் திருகை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். சீறிக்கொண்டு போனது. அன்று பெரிய சிலிண்டர் புதிதாக நிரம்பி வந்திருந்த ஞாயிறு. எட்டு மணிக்கே வந்து முதலில் நிரப்பிக்கொண்டவர்களின் காற்று அது. ஒருவர், “இன்னாமா இது ரௌடித்தனம்” என்றார். டீச்சர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அலமாரியில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

பத்து நாள் கழித்து, கம்பெனியில் டீ நேரத்தில் ஓனர் போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை, குழைந்தார்.

“இன்னாமா, கோவம் ஆறிச்சா? நடந்தது நடந்துபோச்சு. நீ நல்லா சுடற பொண்ணு, நாலு பாயிண்ட் ஒரு பெரிய விஷயமா? அந்த புது மெம்பரு வேணாம்னு நானே சொல்லிட்டேன். பிஸ்டல் உங்கிட்டயே இருக்கட்டும்.”

“நெஜமாவா சார்?” என்று கேட்டேன்.

“நெஜமாதாமா. நீ ஒண்ணு மட்டும் பண்ணு. கவருங்க எல்லாம் கிழிஞ்சிபோச்சு இல்ல, அதே மாதிரி ஆறு தெச்சுக் குடுத்துடு. இந்த வாட்டி அந்த டேட்டு இருக்கற எடத்துல கொஞ்சம் கெட்டித் தோலா வச்சு தெச்சுடு.”

மாட்டேன் என்றுதான் சொன்னேன். அதற்கப்புறம் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண்கள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். அதன்பிறகு நான் அந்தக் கிடங்குப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வலது கை சும்மா இருக்கிறது.

ஆனால் அந்த மாட்டேன் உடனே வரவில்லை. அவர் சொல்லி முடித்ததும் என் கண் தானாக மேசைக்கு அடியில் போய், வெட்டி விழுந்த துண்டுகளில் கெட்டித் தோல் எது என்று தேடியது. ஒரு துண்டு சரியாக இருக்கும் என்றுகூட முடிவுசெய்துவிட்டது. அந்த ஆளை நான் என்றைக்காவது மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன், என் அந்தக் கண்ணை மட்டும் மன்னிக்க முடியாது.